கைக்கு எட்டும் தூரம்: பாய்மரப் படகிலிருந்து கடலில் விழுந்தவரை மீட்பது

2006 மே 18, அதிகாலை இருட்டு. வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகம் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில் ‘ஏபிஎன் ஆம்ரோ டூ’ என்ற படகு நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தை நோக்கி வட அட்லாண்டிக்கில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று ஏறிக்கொண்டே வந்தது. ஹன்ஸ் ஹொரெவூட்ஸ் என்ற 32 வயது டச்சு மாலுமி, பாதுகாப்பு வார் மாட்டாமல், படகின் முன்னால் பலூன்போல விரியும் ஸ்பின்னக்கர் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். படகின் மூக்கு ஒரு அலைக்குள் புகுந்தது. தளத்தில் ஏறி ஓடிய தண்ணீர் வடிந்தபோது அவர் இருந்த இடத்தில் அவர் இல்லை.

உடன் இருந்தவர்கள் பாயை இறக்கி, படகைத் திருப்பி, அந்த இருட்டிலும் அலையிலும் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் படகிலும் ஏற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட கடலில் அது எவ்வளவு பெரிய வேலை என்பது படகோட்டுபவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பிழைக்கவில்லை. மூன்று நாள் கழித்து, மூழ்கும் நிலையில் இருந்த ‘மூவிஸ்டார்’ படகின் பத்துப் பேரை, அவரது உடலைச் சுமந்திருந்த அதே படகுதான் ஏற்றிக்கொண்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலில் ஆள் விழுந்தால் என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தாலே பேச்சு தேடுவதைப் பற்றியும் கண்டுபிடிப்பதைப் பற்றியும்தான் போகிறது. கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். படகின் விளிம்பிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆள் கிடந்தும் இழந்த கதைகள் நிறைய. படகிலேயே இருப்பது, விழுந்தால் மிதப்பது, கண்ணில் படுவது, திரும்ப மேலே ஏறுவது என்று நான்கு கட்டம் உண்டு. கருவிகளும் அந்த நான்குக்காகத்தான். நான் பார்த்தவரை முதல் மூன்றுக்குப் பணம் செலவழிக்கிறார்கள். நாலாவதுக்கு ஒரு கயிறுகூட ஒழுங்காக இருப்பதில்லை.

விநாடிக்கு மூன்று மீட்டர்

சாதாரணக் குடும்பப் படகு ஒன்று நல்ல காற்றில் 6 நாட் வேகத்தில் ஓடும். மணிக்கு 11 கிலோமீட்டர்தான், சைக்கிள் மிதிக்கும் வேகம்கூட இல்லை. ஆனாலும் அது விநாடிக்கு மூன்று மீட்டர். “ஆள் விழுந்துட்டார்” என்று ஒருவர் கத்தி, சுக்கான் பிடித்திருப்பவர் திரும்பிப் பார்த்து, என்ன நடந்தது என்று மனதில் பதிவதற்குள் பத்து விநாடி போய்விடும். அதற்குள் முப்பது மீட்டர். ஒரு நிமிடத்தில் 180 மீட்டருக்கு மேல். பந்தயப் படகு 20 நாட் வேகத்தில் ஓடினால் அதே நிமிடத்தில் 600 மீட்டர்.

தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும்தான், ஒரு தேங்காய் அளவு. இரண்டு மீட்டர் அலையில் அந்தத் தேங்காய் அலைமுகட்டுக்கு வரும் அதே நேரம் நீங்களும் முகட்டில் இருந்தால்தான் கண்ணில் படும். அதனால்தான் ஒரு ஆளை வேறெந்த வேலையும் செய்யாமல், கையை நீட்டி விழுந்தவரையே சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள். ஒரு கணம் கண்ணை எடுத்தால் மறுபடி பிடிக்க முடியாது. இரண்டே பேர் இருக்கும் படகில் இதற்கு எங்கே ஆள்? மிச்சமிருக்கும் ஒருவரே சுக்கான் பிடிக்க வேண்டும், பாயைக் கவனிக்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும். கணவனும் மனைவியுமாகக் கடல் கடப்பவர்கள் ஏராளம் என்பதால் இது ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அல்ல.

அடுத்தது குளிர். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று நம்மில் பலர் சொல்வோம். 10, 12 டிகிரித் தண்ணீரில் அந்த நீச்சல் கைகொடுக்காது. விழுந்த முதல் விநாடிகளில் உடம்பு தன்னை அறியாமல் ஆழமாக மூச்சை இழுக்கும், பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அந்த முதல் மூச்சின்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும், மூழ்குவதற்கு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்ந்த நீரில் உடம்பு என்ன ஆகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று-பத்து-ஒன்று என்று எளிதாக்கிச் சொன்னார். மூச்சை அடக்கிக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இதில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கருவி வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். அது கழிந்தபின் விழுந்தவரால் வீசிய கயிற்றைப் பிடிக்க முடியாது. கொக்கியை மாட்ட முடியாது, ஏணியில் கால் வைக்க முடியாது, விரலால் ஒரு பொத்தானைக்கூட அழுத்த முடியாது. ஆக, படகில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் பார்த்து ஒரே கேள்வி கேட்கலாம்: விழுந்தவரால் எதுவுமே செய்ய முடியாத நிலையிலும் இது வேலை செய்யுமா? வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த நிமிடங்கள் நீளும். விநாடிக்கு மூன்று மீட்டர் என்பது அங்கேயும் அதேதான்.

வார், கொக்கி, கம்பி

படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் பாதுகாப்புக் கம்பி, உலகப் பாய்மர அமைப்பின் ஆழ்கடல் பந்தய விதிப்படி, தளத்திலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நேராக நின்று அளந்து பாருங்கள்: முழங்காலுக்குச் சற்று மேலே வரும். படகு சாய்ந்திருக்கும்போது தடுமாறுகிறவரை அந்த உயரம் தடுப்பதைவிடக் காலை வாரிக் கவிழ்க்கவே வாய்ப்பு அதிகம். தவழ்ந்து போகிறவருக்கும் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும் அது வேலி. நின்று நடப்பவருக்கு அதை வேலி என்று நம்பச் சொல்ல மாட்டேன்.

உண்மையான வேலி, உடம்பில் மாட்டிய வார்தான். படகின் முன்முனையிலிருந்து பின்புறம் வரை தளத்தின் மேல் ஒரு தட்டை நாடா இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஜாக்லைன் என்று பெயர். உருண்டைக் கம்பியாக இருந்தால் காலடியில் உருண்டு வழுக்கிவிடும் என்பதால் தட்டை நாடா. மார்பில் அணிந்த வாரிலிருந்து ஒரு பிணைப்பு வார் புறப்பட்டு இந்த நாடாவில் கொக்கியால் மாட்டும். பிணைப்பு வாரின் நீளம் அதிகபட்சம் 2 மீட்டர். அதில் ஓரிடத்தில் மடித்துத் தைத்து வண்ண நூல் வைத்திருப்பார்கள். ஒருமுறை பலமாக இழுபட்டால் அந்தத் தையல் பிரிந்து நிறம் தெரியும். தெரிந்தால் அந்த வாரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

1979இல் பிரிட்டனின் பாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். அவர்களில் சிலர் வார் மாட்டியிருந்தும் வாரோ அது கட்டப்பட்ட இடமோ பிய்ந்து போனதால் அடித்துச் செல்லப்பட்டவர்கள். இந்த வார்களுக்குத் தரநிலைகள் இறுகியதற்கு அந்த இரவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வார் அறுவது குறைந்தது. ஆனால் அறுகாத வாரும் கொல்லும் என்பதை நாம் மெதுவாகத்தான் கற்றோம்.

2011 ஜூனில் ஆங்கிலக் கால்வாயில் ‘லயன்’ என்ற படகின் கேப்டன், முன் தளத்தில் பாயை இறக்கிக்கொண்டிருந்தபோது கடலில் விழுந்தார். வார் மாட்டியிருந்தார், வார் தாங்கியது. லைஃப் ஜாக்கெட்டும் உப்பியது. அவர் படகின் பக்கவாட்டில் தொங்க, படகு ஓடியது, தண்ணீர் அவர் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. படகில் ஆட்கள் இருந்தார்கள், திறமை இருந்தது, ஆளும் அருகிலேயே இருந்தார். அவரை மேலே ஏற்றக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மூழ்கி இறந்துவிட்டார்.

காரணத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். படகின் அகலம் மூன்றரை, நான்கு மீட்டர். ஜாக்லைன் பக்கத் தளத்தில் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அதில் 2 மீட்டர் வாரை மாட்டினால் அது உங்களைத் தண்ணீர் வரை போக விடும். அதே படகில் நாடாவை நடுவோடு இழுத்துக் கட்டி, வாரை ஒரு மீட்டராகச் சுருக்கினால் விளிம்பைத் தாண்டவே முடியாது. குட்டை வாரோடு நடப்பது தொந்தரவுதான், குனிந்தபடி போக வேண்டியிருக்கும். குனிந்து போவதும் நல்லதுக்குத்தான் என்பேன்.

கொக்கியையும் கையில் எடுத்துப் பார்ப்போம். 2017 நவம்பரில் கிளிப்பர் என்ற உலகம் சுற்றும் பாய்மரப் போட்டியின்போது தென் பெருங்கடலில் 60 வயதுப் பங்கேற்பாளர் ஒருவர் முன் தளத்திலிருந்து விழுந்தார். வார் மாட்டியிருந்தார். சற்று நேரம் படகோடு இழுபட்டார், பிறகு கொக்கி விடுபட்டுவிட்டது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அந்தக் கொக்கியை ஆராய்ந்தது. கயிறு சுற்றும் இரும்புக் கொம்பு ஒன்றின் அடியில் கொக்கி சிக்கி, இழுவை நேராக விழாமல் பக்கவாட்டில் விழுந்திருக்கிறது. நேராக இழுத்தால் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு தாங்கும் உலோகம், குறுக்கே நெம்பியபோது மிகக் குறைந்த பாரத்திலேயே வளைந்து திறந்துவிட்டது. கொக்கியை வடிவமைத்தவர்களும் சோதித்தவர்களும் நேர் இழுவையைத்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். இது யாரோ ஒருவரின் அலட்சியத்தால் நடந்ததல்ல. ஜாக்லைனின் முனையில், கொக்கி போய் நிற்கும் இடத்தில், சிக்கிக்கொள்ள என்ன இருக்கிறது என்று இன்று எவரும் தன் படகில் போய்ப் பார்க்கலாம். அந்த மரணத்துக்குப் பிறகு இதைப் பார்க்காமல் விடுவது சரியில்லை.

அப்புறம் வாரைக் கழற்றும் அந்த ஒரு கணம். 2018 மார்ச் 26 அன்று, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கு மேற்கே சுமார் 1,400 கடல் மைல் தொலைவில், ‘சன் ஹங் கை ஸ்காலிவாக்’ படகில் இருந்த ஜான் ஃபிஷர் ஒரு கயிற்றைச் சரிசெய்ய முன்னால் நகர்வதற்காகத் தன் வாரைக் கழற்றினார். அந்த நேரத்தில் படகு எதிர்பாராமல் சுழன்றது. பெரிய பாயின் கயிற்றுக் கட்டு குறுக்கே வீசி அவரை அடித்துக் கடலில் தள்ளியது. அவர் உடுத்தியிருந்தது குளிர் தாங்கும் உடுப்பு, லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தார். படகு திரும்பி வந்து பல மணி நேரம் தேடியது. அவர் கிடைக்கவில்லை. இரண்டு முனை கொண்ட பிணைப்பு வார் இதற்காகத்தான் இருக்கிறது: அடுத்த இடத்தில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டுத்தான் முந்தையதைக் கழற்ற வேண்டும். பிரான்ஸ் கொண்டாடிய மாலுமி எரிக் தபார்லி 1998 ஜூனில் ஐரிஷ் கடலில், தன் பழைய ‘பென் டுவிக்’ படகில் இரவில் பாய் மாற்றும்போது, பாயைத் தாங்கும் மரம் அடித்துக் கடலில் விழுந்தார். மார்பு வாரும் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகின் வலையில்தான் அவர் உடல் கிடைத்தது. அனுபவம் எத்தனை ஆண்டாக இருந்தாலும் வீசி வரும் மரத்துக்கு அது தெரியாது.

சமையலறைத் தராசில் ஒரு சோதனை

தானாக உப்பும் லைஃப் ஜாக்கெட்டின் உறையைப் பிரித்துப் பாருங்கள். மடித்து வைத்த ரப்பர் பை, அதில் திருகிய விரல் நீளச் சிலிண்டர் ஒன்று. 150 நியூட்டன் ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அது விரிந்தால் ஏறக்குறைய 17 லிட்டர் வாயு, சுமார் 15 கிலோ மிதப்பு. சிலிண்டரின் வாயைக் குத்தித் திறக்க ஒரு ஊசி, அந்த ஊசியைத் தள்ள ஒரு ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன வில்லை. தண்ணீர் பட்டால் வில்லை கரையும், ஸ்பிரிங் விடுபடும், ஊசி குத்தும். சில விநாடி போதும். ஆனால் முன் தளத்தில் அலை மேலே விழுந்தாலும் வில்லை சில சமயம் கரைந்துவிடும். அதைத் தவிர்க்க வந்த இன்னொரு வகையில் நீரின் அழுத்தம்தான் விசை: பத்து சென்டிமீட்டர் மூழ்கினால் மட்டுமே திறக்கும். மழையும் அலைச்சாரலும் அதை ஏமாற்றாது.

இதில் அடிக்கடி பழுதாவது எது தெரியுமா? சிலிண்டர் மெல்லத் திருகு கழன்று தளர்ந்து போவது. படகின் அதிர்விலேயே அது நடக்கும். தளர்ந்தால் ஊசி எட்டாது, பை உப்பாது. மாதம் ஒருமுறை உறைக்கு வெளியிலிருந்தே கையால் தடவிப் பிடித்து இறுக்கினால் போதும். வருடம் ஒருமுறை சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதன் மேலேயே மொத்த எடை பொறித்திருக்கும், ஓரிரு கிராமுக்கு மேல் குறைந்தால் கசிவு. பையை வாயால் ஊதி இரவு முழுக்க வைத்தால் காலையில் ஓட்டை இருப்பது தெரிந்துவிடும். வில்லைக்கும் காலாவதித் தேதி உண்டு.

கால்களுக்கு இடையே வரும் வார் இல்லாத ஜாக்கெட்டை வாங்கவே வேண்டாம். அது இல்லாமல் தண்ணீரில் விழுந்தால் பை மேலே ஏறும், ஆள் கீழே இறங்குவார். வாயும் மூக்கும் பைக்கு நடுவே, தண்ணீர் மட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அதேபோல முகத்தின் மேல் இழுத்துவிடும் பிளாஸ்டிக் முகமூடியும் வேண்டும். பலத்த காற்றில் அலையின் நுனி பொடிந்து முகத்தில் தொடர்ந்து அடிக்கும். நினைவோடு மிதப்பவரும் அந்தச் சாரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தே மூழ்கிவிடலாம்.

கண்ணில் படுவதற்கு

ஆள் விழுந்த அதே விநாடி, சுக்கான் பிடித்திருப்பவரின் கையருகே இருக்கும் குதிரை லாட வடிவ மிதவையும், கொடிக் கம்பு நட்ட மிதவையும் தண்ணீருக்குள் போக வேண்டும். கொடி ஆளின் தலையைவிட இரண்டு மீட்டர் உயரத்தில் ஆடும், இரவில் விளக்கு தானாக எரியும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க அடியில் ஒரு சிறிய துணிக் குடை தொங்கும். ஆள் அதைப் பிடிக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. தேடுவதற்கு அது ஒரு புள்ளியைக் கொடுக்கிறது. மெத்தைகள், பிளாஸ்டிக் கேன்கள், மிதக்கும் எதுவாக இருந்தாலும் வீசலாம். ஜி.பி.எஸ். கருவியில் ஆள் விழுந்த இடத்தைப் பதிவு செய்யும் பொத்தான் இருக்கும். பல கருவிகளில் அதைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் பதிவாகும், ஒரு தட்டுத் தட்டினால் ஆகாது. உங்கள் கருவியில் எப்படி என்று துறைமுகத்தில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இருபது, முப்பது ஆண்டுகளில் உண்மையாகவே மாறிய விஷயம் ஏ.ஐ.எஸ். ஒளிபரப்பி, விழுந்தவர் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள படகுகளின் திரைக்கு அனுப்பும் கருவி. 1993இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் போட்டியில் பாஸ் நீரிணையில் நள்ளிரவில் விழுந்த ஒரு மாலுமி, வார் அறுந்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிதந்தார். தேடலுக்கு வந்த ஒரு எண்ணெய்க் கப்பலின் தேடுவிளக்கு ஒளி தற்செயலாக அவர் மேல் விழுந்து பிழைத்தார். 2014 மார்ச்சில் பசிபிக்கில் கிளிப்பர் போட்டிப் படகு ஒன்றிலிருந்து விழுந்தவர் சுமார் 100 நிமிடம் தண்ணீரில் இருந்தார். அவரிடம் உடம்பை நனையவிடாத உடுப்பும், இந்த ஒளிபரப்பியும் இருந்தன. அவர் இருக்கும் இடம் படகின் திரையில் தெரிந்ததால்தான் அந்தக் கொந்தளிப்பில் அவரிடம் போய்ச் சேர முடிந்தது.

லைஃப் ஜாக்கெட்டுக்குள் மடித்து வைக்கும் அளவு சிறிய கருவி அது. பை உப்பும்போது தானே இயங்கும்படி பொருத்தலாம். விரல் மரத்துப்போனவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 972 என்று தொடங்கும் எண்ணோடு, அது இருக்கும் இடம் சுற்றிலும் சில மைல் தூரத்தில் உள்ள எல்லாக் கப்பல்களின் திரையிலும் வரும். செயற்கைக்கோளுக்குச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் ஒளிபரப்பி வேறு வகை. அது கரையிலுள்ள மீட்பு மையத்துக்குத் தகவல் தரும், ஆனால் பழைய மாதிரிகள் உங்கள் சொந்தப் படகின் திரையில் எதையும் காட்டாது. பெரும்பாலும் கையால்தான் இயக்க வேண்டும். நடுக்கடலில் விழுந்தவரை எடுக்கக் கூடிய ஒரே படகு அவர் விழுந்த படகுதான் என்பதால், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ஏ.ஐ.எஸ். என்பேன். இப்போது இரண்டும் சேர்ந்த கருவிகளும் வந்துவிட்டன. வி.எச்.எஃப். ரேடியோவில் மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானையும் மறக்கக் கூடாது. அழுத்தியதும் 70ஆம் அலைவரிசையில் இடத்தோடு அபாயத் தகவல் போகும், அதன் பிறகு 16இல் பேசலாம். ஆளை எடுத்துவிடுவோம், எதற்கு இப்போதே கூப்பிட வேண்டும் என்று தயங்கக் கூடாது. எடுத்துவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

திரும்பி வரும் வழிக்கு வருவோம். அமெரிக்காவின் அன்னாபோலிஸ் கடற்படைப் பள்ளி பரப்பிய ‘குவிக் ஸ்டாப்’ முறையில், ஆள் விழுந்த உடனே சுக்கானைத் திருப்பிப் படகின் மூக்கைக் காற்றுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். முன் பாயின் கயிற்றைத் தொடாமல் விட்டால் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி, படகின் வேகம் செத்துவிடும். வட்டமடித்து ஆளருகே வரலாம், ஆள் கண்ணை விட்டு மறைய மாட்டார். எஞ்சினைப் போடுவதற்கு முன் தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று ஒரு பார்வை வேண்டும். தொங்கும் கயிறு சுழலியில் சுற்றிக்கொண்டால் எஞ்சினும் போகும், நேரமும் போகும்.

இரண்டு பேர் படகுக்கு நான் சொல்லக் கூடிய மிகச் சிறந்த கருவி லைஃப்ஸ்லிங். 1980களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரின் செய்லிங் ஃபவுண்டேஷனைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது. துணை விழுந்துவிட்டால் தனியாக மிஞ்சியிருப்பவர் என்ன செய்வார் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மிதக்கும் ஒரு பட்டை, அதோடு சுமார் 45 மீட்டர் மிதக்கும் கயிறு. பட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, விழுந்தவரைச் சுற்றிப் படகை வட்டமாக ஓட்ட வேண்டும். கயிறு வளைந்து வளைந்து அவரிடமே போய்ச் சேரும். சரியாகக் குறிபார்த்து நிறுத்தும் திறமை தேவையில்லை, நேரே அவர் மேல் ஓட்டிவிடும் பயமும் இல்லை. பட்டையை அணிந்துகொள்ளும் அளவுக்குக் கை வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் இதன் குறை.

கடைசி ஒரு மீட்டர்

சரி, ஆள் படகை ஒட்டி வந்துவிட்டார். தண்ணீரிலிருந்து தளம் வரை உயரம் ஒரு மீட்டர், சில படகில் ஒன்றேகால். அதற்கு மேல் பாதுகாப்புக் கம்பி.

நம் கட்டுமரத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது, தண்ணீரோடு தண்ணீராகக் கிடப்பது. அலை புரட்டிவிட்டாலும் மீனவர் அதன் மேல் கையை ஊன்றி ஏறிவிடுவார். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லை நாம்தான் கொடுத்தோம். அந்தப் பெயரில் இன்று உலகெங்கும் ஓடும் இரட்டை உடல் படகுகளுக்கோ ஆளுயரப் பக்கச் சுவர் இருக்கிறது. உள்ளே இருப்பவரை நனையாமல் காக்கும் அதே சுவர், வெளியே விழுந்தவருக்கு மதிலாகிவிடுகிறது.

80 கிலோ ஆள், உடுப்புக்குள் தேங்கிய தண்ணீரோடு தாராளமாக 90, 100 கிலோ ஆகிவிடுவார். அவரும் ஒத்துழைக்க முடியாத நிலையில் இருக்கிறார். முழங்கால் உயரக் கம்பிக்கு மேல் குனிந்து, ஆடும் தளத்தில் நின்று, இரண்டு பலசாலிகள் இழுத்தாலும் இது நடக்காது. பின்புற ஏணி? அமைதியான கடலில் சரி. அலையில் படகின் பின்புறம் ஏறி ஏறி விழும், தலையில் விழுந்தால் அத்தோடு முடிந்தது.

படகில் ஏற்கெனவே ஒரு பாரந்தூக்கி இருக்கிறது: பாயை ஏற்றும் கயிறும், அதைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்ற கைப்பிடி உருளையும். 40 எண் கொண்ட வின்ச் கையின் பலத்தைச் சுமார் நாற்பது மடங்காக்கும். ஐம்பது கிலோ எடையுள்ளவர் நூறு கிலோ ஆளைத் தூக்க முடியும். ஆனால் அந்தக் கயிற்றின் முனை தண்ணீர் மட்டம் வரை இறங்குமா? அதிலுள்ள கொக்கி, ஜாக்கெட்டுக்குள் இருக்கும் தூக்கு வளையத்தில் நுழையுமா? அந்த வளையம் எங்கே இருக்கிறது? உப்பிய பையின் அடியில் மறைந்து, நனைந்து, விரலுக்குத் தட்டுப்படாமல் கிடக்கும். வின்ச் வசதியாக இல்லாத படகில் நான்கு அல்லது ஆறு மடங்குக் கப்பிக் கயிறு ஒன்றைப் பையில் தயாராக வைத்திருக்கலாம். நான்கு மடங்கில் மூன்று மீட்டர் தூக்கப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். பலரின் பையில் அதில் பாதிதான் இருக்கிறது.

நினைவில்லாத ஆளுக்கு வலைதான் நல்லது. முக்கோணத் துணி அல்லது ஏணிபோன்ற வலையின் ஒரு விளிம்பைப் படகின் ஓரத்தில் மாட்டி, தண்ணீரில் தொங்கவிட்டு, ஆளை அதற்குள் மிதக்கவைத்து, மறு விளிம்பைப் பாய்க் கயிற்றால் தூக்க வேண்டும். பாயைச் சுருட்டுவதுபோல ஆள் உருண்டு தளத்துக்கு வருவார். தூக்க வேண்டிய பலம் பாதியாகும், ஆளும் படுத்த வாக்கிலேயே வருவார். அந்தப் படுத்த வாக்கு முக்கியம். தண்ணீரில் இருக்கும்வரை அதன் அழுத்தம் கால்களில் ரத்தம் தேங்காமல் பிடித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்துபோன ஆளைச் செங்குத்தாக வெளியே தூக்கினால் அந்தப் பிடி சட்டென்று போய், ரத்த அழுத்தம் விழுந்து, மீட்கும் கணத்திலேயே இதயம் நின்றுவிடலாம். அக்குளுக்கடியில் ஒரு வார், முழங்காலுக்கடியில் ஒரு வார் என்று இரண்டு போட்டுத் தூக்கினாலும் ஓரளவு அந்த நிலை கிடைக்கும். மூழ்கிக்கொண்டிருப்பவரை எப்படியாவது தூக்குவதுதான் முதல் வேலை என்பதில் சந்தேகமில்லை. ஏறிய பிறகு அவரை நடக்கவிடக் கூடாது. நன்றாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும் படுக்க வைத்து, ஈரத்தைக் கழற்றிப் போர்த்தி, கண் வைத்திருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பெரும்பாலும் ஒரு மிதவைப் பந்தில் வாளியைக் கட்டிக் கடலில் போட்டு, திரும்பி வந்து கொக்கிக் கழியால் எடுக்கிறார்கள். வாளி, பந்து காற்றில் ஓடிவிடாமல் பிடிக்கும். படகைத் திருப்பப் பழக அது நல்ல பயிற்சிதான். ஆனால் வாளியை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஒரு கோடை நாளில், துறைமுகத்தில் படகைக் கட்டி வைத்துவிட்டு, ஜாக்கெட் போட்ட ஒருவரைத் தண்ணீரில் இறக்குங்கள். அசையாமல் மிதக்கச் சொல்லுங்கள். படகில் இருப்பவர்களிலேயே எடை குறைந்தவர் தனியாக அவரைத் தூக்கட்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். முதல் தடவை பாய்க் கயிற்றின் முனை தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும், அல்லது தூக்கு வளையம் கிடைக்காது, அல்லது ஆள் கம்பியில் வந்து இடித்துக்கொண்டு நிற்பார். எட்டாத கயிற்றோடு அன்றைக்கே ஒரு முழம் சேர்த்துக்கொள்ளலாம்.